மோட்டார் ஓட்டப் பந்தயமும் ஓர் ஆசனத்தின் விலையும்



மோட்டார் ஓட்டப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன வேகமும் இரைச்சலும் புழுதியுமே. ஓட்டியவர் யார், வென்றவர் யார் என்று கேட்போம். அதைக் காண வந்தவர் எங்கே நின்றார், என்ன கொடுத்து நின்றார், அவரை அங்கே அழைத்த விளம்பரம் யாருடையது என்று கேட்பவர் மிகச் சிலர். இக்கேள்விகள் வீண் கேள்விகள் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் மோட்டார் பந்தயத்தின்போது கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற பக்கம் பாய்ந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மேலும் பலர் காயமுற்றனர். சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் நடந்த பந்தயம் அது. பொதுமக்களுக்கு அனுமதி இலவசம் என அறிவிக்கப்பட்டிருந்தது. பல்லாயிரவர் திரண்டனர். அடுத்த வாரம் வகுப்பறையில் இச்செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாணவன் எழுந்து, "சேர், காசு வாங்காமல் உள்ளே விட்டது நல்ல காரியந்தானே? ஏழைப் பிள்ளைகளும் பார்க்கலாமே?" என்று கேட்டான். நல்ல நெஞ்சிலிருந்து பிறந்த கேள்வி. அதற்கு அன்றைக்கு என்னால் உடனே விடை கூற முடியவில்லை. வரலாற்று ஆசிரியனுக்கு வரலாறே துணை. ஆகவே அத்துணையை நாடினேன். நான் கண்டதையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

கல்முனைக் கரையோரத்தில் வாழும் நமக்கு மோட்டார் ஓட்டம் மலைநாட்டுச் செய்தி. நம் திடல்கள் உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் உரியவை. ஆயினும், சந்தாங்கேணி மைதானத்தில் இறுதியாட்டம் ஒன்று நடைபெறும் மாலையில் எல்லைக்கோட்டைச் சுற்றிக் கூட்டம் எவ்வாறு நெருங்கி நெருங்கி வரும் என்பதை நம்மில் அறியாதார் இல்லை. முன்னால் நிற்பவர் ஓரடி எடுத்து வைத்தால், பின்னால் நிற்பவரும் ஓரடி எடுத்து வைத்தே தீர வேண்டும்; இல்லையேல் அவருக்குக் காட்சி இல்லை. கூட்டத்தின் இயல்பு இது. பந்து பட்டால் நோவு. கார் பட்டால் சாவு. வேறுபாடு அவ்வளவே.

மோட்டார் பந்தயத்தின் பிறப்பே ஒரு விளம்பரத்தில் நிகழ்ந்தது எனலாம். 1894-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர்வரை குதிரையில்லா வண்டிகளின் போட்டியை நடத்தியது ஒரு நாளிதழ். 'லெ பெத்தி ஜூர்னால்' என்பது அதன் பெயர். போட்டியால் பத்திரிகைக்குப் புகழ், வண்டி செய்வோருக்கு வாணிகம். பார்ப்பவருக்கோ செலவில்லை, சாலையோரமே அரங்கு. வேலியும் இல்லை, சீட்டும் இல்லை. வண்டிகள் மெதுவாக ஓடியவரை இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. ஆனால் பொறிகளின் வலிமை ஆண்டுக்காண்டு பெருகிற்று. மக்களின் பழக்கமோ மாறவில்லை. 1903 மே மாதம் பாரிசிலிருந்து மட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தைக் காண வழிநெடுகிலும் மக்கள் சாலைக்குள்ளேயே நின்றனர். ஓட்டியவரும் பார்த்தவருமாகப் பலர் மாண்டனர். மாண்டோருள் ரெனோ மோட்டார் நிறுவனத்தைத் தோற்றுவித்த உடன்பிறப்புகளுள் ஒருவரான மார்செல் ரெனோவும் ஒருவர். அரசாங்கம் பந்தயத்தைப் போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே வேலியிட்ட தடம் என்னும் எண்ணம் வேரூன்றிற்று. 1907-இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் தடம் திறக்கப்பட்டது. மோட்டார் ஓட்டத்துக்கென்றே அமைக்கப்பட்ட முதல் தடம் அது. அதன் நடத்துநர் தம் விளம்பரத்தில், எங்களிடம் தக்கவர் கூட்டம் உண்டு, நெரிசல் இல்லை என்னும் பொருள்பட எழுதினர். செல்வர்க்கே உரிய தோரணை அதில் தொனிக்கிறது என்பது உண்மை. எனினும், நெரிசல் இல்லை என்பதை ஒரு வாக்குறுதியாகவே விற்றார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். 1909-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் தடம் எழுந்தது. தளம் முழுவதும் செங்கல் பாவினர். 1911-இல் அங்கே முதலாவது 500 மைல் பந்தயம் நடைபெற்றது. இன்று அத்தடத்தைச் சுற்றிலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட நிலையான ஆசனங்கள் உள்ளன.

வேலி வந்ததும் வாயில் வந்தது. வாயில் வந்ததும் சீட்டு வந்தது. சீட்டு வந்ததும், இத்தனை பேர் உள்ளே இருக்கின்றனர் என்று சொல்லக்கூடிய ஒருவரும் வந்தார். இந்த மூன்றாவது பயனை மறந்துவிடலாகாது. என் மாணவனுக்குரிய விடை இதிலேதான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இக்கலைக்கு எதிர்பாராத இடமொன்று வாய்த்தது. போர் விமானங்களுக்காக அமைத்த ஓடுபாதைகள் வெறுமையாகக் கிடந்தன. அவை சமதளமானவை, நீளமானவை, ஊருக்குப் புறம்பானவை. சுற்றிவரக் காவலிடுவதும் எளிது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அவ்வாறான ஒரு விமானத்தளமே. 1950 மே 13-இல் போர்மியூலா 1 உலகப் பட்டத்துக்குரிய முதற் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய ஓடுபாதையும் அவ்வாறே பந்தயத் திடலாயிற்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே நடத்திய ஓட்டங்கள் தென்னிந்தியாவெங்கும் பேர்பெற்றன. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் கழகத்துக்கெனத் தனித்தடம் அமைந்தது. நம் நாட்டிலும் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்த விமானத்தளம் இவ்வாறு பயன்பட்டது. அதற்கும் முன்னரே, 1934 முதல், நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின் அங்கமாக இருந்து வந்தது.

இனி, சீட்டு வாங்கியவர் அனைவரும் காப்புடையவர் என்று எண்ணிவிடவும் கூடாது. 1955 ஜூன் 11-ஆம் நாள் பிரான்சில் லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தை வரலாறு மறவாது. ஓட்டுநர் பியர் லெவேயின் கார் மற்றொன்றில் மோதி எழும்பி, சிதறிய அதன் பாகங்கள் கூட்டத்துள் வீழ்ந்தன. ஓட்டுநருடன் 80-க்கு மேற்பட்ட பார்வையாளர் மாண்டனர். அவர்கள் வேலியேறி வந்தவர் அல்லர். முறைப்படி உள்ளே வந்தவர்கள். நல்ல இடம் என்று அவர்கள் தேடிப் பிடித்தது தடத்துக்கு மிக அருகிலிருந்த இடம். இரண்டாண்டு கழித்து, 1957-இல், இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ஒரு கார் சாலையோரக் கூட்டத்தில் புகுந்து ஒன்பது பார்வையாளரைக் கொன்றது. அவர்களுள் ஐவர் சிறுவர். அவ்வோட்டம் அத்தோடு முடிவுற்றது. லெ மானில் தடம் அகலமாக்கப்பட்டது. பார்வையாளர் அரங்கு பின்தள்ளிக் கட்டப்பட்டது. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயங்களையே தடை செய்தது.

இவற்றால் உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஆசனங்களின் தொகை என்பது நிலத்தின் பரப்பைக் கொண்டு மட்டும் கணிப்பதன்று. தடத்துக்கும் ஆசனத்துக்கும் இடையே எவ்வளவு வெறுநிலம் விடவேண்டுமோ அதைக் கழித்த பின்னரே கணிப்பது. அவ்வெறுநிலத்தில் ஒரு சீட்டும் விற்க முடியாது. ஆயினும், அங்கே இருக்கக்கூடிய அத்தனை பேருடைய உயிரின் விலையும் அதனுள் அடங்கியுள்ளது.

அடுத்து விளம்பரத்தைப் பார்ப்போம். முற்காலத்தில் பந்தயக் கார்கள் தத்தம் நாட்டின் நிறத்தையே பூண்டிருந்தன. இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். 1968-இல் இந்நிலை மாறிற்று. லோட்டஸ் அணியின் கார்கள் ஒரு சிகரெட்டின் நிறத்தையும் பெயரையும் பூண்டு தடமேறின. அன்றுமுதல் கார் ஓடும் விளம்பரப் பலகை ஆயிற்று. புகையிலைப் பணம் பல ஆண்டுகள் இவ்விளையாட்டை வளர்த்தது; 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடை விதித்தது. நம் நாட்டில் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 2006-இல் நிறைவேறிற்று.

விளம்பரப் பணம் பெருகப் பெருக, கூட்டத்தைப் பற்றிய கணக்கும் மாறுதலுற்றது. சீட்டு விற்றுப் பிழைப்பவருக்குக் கூட்டம் வாடிக்கையாளர். விளம்பரம் விற்றுப் பிழைப்பவருக்கோ கூட்டமே பண்டம். அதன் கண்களை அவர் விலை பேசுகிறார். முன்னவர் எத்தனை ஆசனம் உண்டு என்று எண்ணுவார். பின்னவர் எத்தனை பேர் வந்தால் படம் நன்றாக அமையும் என்று எண்ணுவார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. சீட்டை மட்டும் நம்பியவரின் கவலைக்கு இண்டியானாபொலிஸ் ஒரு சான்று. தொலைக்காட்சியில் பார்த்தால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவர் என்று அஞ்சி, அந்நகரத்தவருக்கு மட்டும் பந்தயத்தை உடன் காட்டாமல் பிந்திக் காட்டுவது அங்கே நெடுங்கால வழக்கம். 2016-இல் 100-ஆவது ஓட்டத்துக்குச் சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தபோதுதான் அவ்வழக்கம் அவ்வாண்டு தளர்ந்தது.

இந்தியாவில் நடந்ததையும் காண்போம். டில்லிக்கு அருகே அமைந்த புத்த சர்வதேசத் தடத்தில் 2011 அக்டோபர் 30-இல் முதலாவது இந்திய கிராண்ட் பிரீ நடைபெற்றது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய தடம். சீட்டின் விலை இந்திய நாணயத்தில் 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய்வரை இருந்தது. பந்தயத்தின் பெயரோடு தொலைபேசி நிறுவனமொன்றின் பெயரும் இணைந்திருந்தது. முதலாண்டில் ஏறத்தாழ 95,000 பேர் வந்தனர் என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு அத்தொகை பெரிதும் குறைந்தது. புதுமை முதலாண்டு அழைத்து வரும். இரண்டாம் ஆண்டு அழைத்து வருவது பழக்கமும் பற்றுமே. இதனோடு வரிப் பிணக்கும் சேர்ந்தது. இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வழக்கில், சீட்டு வருவாயில் நான்கிலொரு பங்கைத் தனியே வைக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2013-க்குப் பின் அப்பந்தயம் அங்கே நடைபெறவில்லை. ஆசனங்கள் மட்டும் எஞ்சின.

சென்னையிலோ 2024 ஆகஸ்ட் 31-இலும் செப்டம்பர் 1-இலும் தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்கவிருந்தது புயல் மழையால் தள்ளிப்போயிற்று. பொதுச் சாலையைப் பந்தயத்துக்கு அடைக்கலாமா என்று வழக்குகள் எழுந்தன. பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற பின்னரே ஓட்டம் என்று நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. காத்திருந்தவர் சலித்திருப்பர், ஆயினும் அக்காத்திருப்பை நான் குறைகூற மாட்டேன்.

இவ்வளவும் கண்டபின் தியத்தலாவைக்குத் திரும்புவோம். அங்கே மாண்டவர் யாவரும் மகிழச் சென்றவர்கள், அல்லது அந்த மகிழ்ச்சிக்குக் காவலாகப் பணிக்கு நின்றவர்கள். அவர்கள்மீது பழி இல்லை. இலவசமாக விட்டதும் தன்னளவில் பழியன்று. ஏழைக்கும் காட்சி வேண்டும் என்ற எண்ணம் மேலானதே. குறை எதில் என்றால், விலையை நீக்கும்போது எண்ணிக்கையையும் சேர்த்து நீக்கிவிடும் வழக்கத்தில்தான். சீட்டுக்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகத்தில் விலை எழுதியிருக்கிறது. மறுமுகத்தில் இடம் எழுதியிருக்கிறது. விலையை அழித்துவிடலாம், இடத்தை அழித்துவிடலாகாது.

என் மாணவனுக்கு இவ்விடையைச் சில நாள் கழித்துச் சொன்னேன். "காசு வாங்காமலே சீட்டுக் கொடுக்கலாம், தம்பி. ஆனால் சீட்டுக் கொடுக்காமல் உள்ளே விடுவது, வா என்று அழைத்துவிட்டுப் பாய் விரிக்காமல் இருப்பதைப் போன்றது" என்றேன். அவன் சற்றுச் சிந்தித்து, "அப்படியென்றால் நம் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் சீட்டு வேண்டுமா, சேர்?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, சுண்ணக்கோட்டிலிருந்து ஐந்தடி தள்ளிக் கட்டி வந்த கயிற்றைப் பதினைந்தடி தள்ளிக் கட்டச் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் இரண்டு அட்டைகள், விலையின்றி, ஆசன எண்ணுடன் வழங்கினோம். எறிவட்டுப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், தம் பேரன் ஓடியது தெளிவாகத் தெரியவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அக்குறையை நான் மனமுவந்து ஏற்றுக்கொண்டேன்.