கூட்டுவிப்பான் யார்? மனித உணர்வும் இறையிருப்பும்

மனித உணர்வு இறைவன் உண்மைக்குச் சான்றாகுமா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. உணர்வு சடப்பொருளில் அடங்காததா என்பது ஒன்று. அடங்காததெனின் அதற்கு இறைவன் வேண்டுமா என்பது மற்றொன்று. முன்னதை நிறுவியதுமே பின்னதும் நிறுவப்பட்டதாகக் கொள்வது இத்துறையில் அடிக்கடி நேரும் வழு. சாங்கியத்தின் புருடனும் சமணத்தின் சீவனும் சடமல்லாத அறிவுப்பொருள்களே. ஆயினும் நிரீச்சுர சாங்கியமும் சமணமும் படைப்போன் ஒருவனை ஏற்கவில்லை. உணர்வின் உயர்வை மட்டும் கொண்டு இறைவனை நிறுவ முடியாது என்பதற்கு இவையே போதும்.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் வேறு வழியில் செல்கிறது. அதன் 12 நூற்பாக்களுள் மூன்றாவது, உயிர் உண்டென நிறுவுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. நுகர்ச்சியும் வினையும் இல்லை. ஆகவே மூச்சு உயிரன்று. ஐந்தாவது நூற்பா உயிரின் குறையைப் பிடித்துக்கொள்கிறது. பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதது போல, உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாதிருக்கிறது. இவ்வாதத்தின் அச்சாணி சார்பு.

சார்பை அறுவை அரங்கில் கண்கூடாகக் காணலாம். மயக்க மருந்து ஏறுகையில் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கியவரின் குரல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. இதயம் துடிக்கிறது, இமையை விலக்கினாலும் காண்பவர் இல்லை. விழித்ததும், இடையில் கழிந்த மணிநேரம் அவர் கணக்கில் இல்லவே இல்லை. உணர்வு மூளையின் வினையே என்பதற்குப் பொருள்முதல்வாதிகள் இதைக் காட்டுவர். சைவ சித்தாந்தி இதற்குக் கலங்க வேண்டியதில்லை. உடல், பொறி, மனம் முதலிய கருவிகள் கூடாத கேவல நிலையில் உயிர் ஒன்றும் அறியாது என்பது அவர் கொள்கையே. சார்பு இரு தரப்புக்கும் உடன்பாடு. எதைச் சார்ந்தது என்பதில்தான் பிணக்கு.

கருவிகள் சடமாதலின் தாமாக வந்து கூடா. கருவியின்றி அறியாத உயிர் அவற்றைத் தேடிக் கூட்டிக்கொள்ளவும் மாட்டாது. ஆகவே கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்கிறது சித்தாந்தம். ஆங்கில மெய்யியலாளர் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1979இல் வெளியிட்ட இறையிருப்பு பற்றிய நூலிலும் இதற்கு அணுக்கமான வாதம் உண்டு. மூளையின் இன்ன நிகழ்வுக்கு இன்ன உணர்வு என்ற பொருத்தத்தை அறிவியலால் விளக்க இயலாது. ஓர் அறிவுடைப் பொருளின் கருத்தால் அது அமைந்தது என்பதே பொருந்தும் என்கிறார். அதையும் அவர் நிகழ்தகவாகவே முன்வைக்கிறார்.

இரு வாதங்களுக்கும் ஒரே இடத்தில் தடை எழுகிறது. உயிரும் கருவியும் வெவ்வேறு பொருள்கள் எனக் கொண்டால்தான் கூட்டம் என்பதே உண்டு. மூளையிலேயே உணர்வு முளைக்கிறதெனில் கூட்டுவிப்பானுக்கு வேலையில்லை. அப்படி முளைப்பது எவ்வாறு என்பதோ, மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் ‘கடினச் சிக்கல்’ எனப் பெயரிட்ட பின்னும் அவிழாத முடிச்சு. நாத்திக மெய்யியலாளரான தாமஸ் நேகல் 2012இல் மூன்றாம் வழி ஒன்றைக் காட்டினார்: மனத்தை நோக்கிய போக்கு இயற்கையின் நியதியிலேயே இருக்கலாம்.

எனவே, உணர்வு உண்டு என்பது மட்டும் இறைவனைச் சுட்டாது. அது சடத்தோடு கூடி நிற்பது விளக்கம் கேட்கிறது; அவ்விளக்கங்களுள் இறைவன் வலுவான ஒன்று, ஒரே விளக்கம் அல்ல. இம்முடிபு சித்தாந்திக்குத் தோல்வியாகாது. பாச (கட்டு) அறிவாலும் பசு (உயிர்) அறிவாலும் பதியை (இறைவனை) உணர இயலாது என்பது சிவஞானபோதத்தின் ஒன்பதாம் நூற்பாவின் கருத்து. வாதம் எதுவரை செல்லும் என்ற எல்லையை அந்நூலே வரைந்து வைத்திருக்கிறது.