இரையில் ஏறிய சிவப்பு

டிஸ்கஸ் மீனுக்கு 1840-இல் அறிவியல் பெயர் சூட்டிய யோஹான் யாக்கோப் ஹெக்கெல், பிரேசிலுக்குப் போனதே இல்லை. பிரேசில் காடுகளிலும் ஆறுகளிலும் 18 ஆண்டுகள் அலைந்து உயிரினங்களைச் சேகரித்த யோஹான் நாட்டெரர் கொண்டுவந்து சேர்த்த மீன்கள்தான் வியன்னாவில் ஹெக்கெலின் மேசைக்கு வந்தன. இன்றைய மனௌஸ் நகருக்கு அருகே, ரியோ நீக்ரோ ஆற்றில் பிடிபட்டவை அவை. சாராயத்தில் ஊறிய மீனுக்கு வடிவம் தங்கும், நிறம் தங்காது. ஹெக்கெல் கண்டது தட்டுப் போல வட்டமான ஓர் உடல். அதையே பெயராக வைத்தார்: சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்.

பின்னாளில் நிறத்துக்காகவே உலகம் வாங்கப்போகும் மீனின் கதை, இப்படி நிறமில்லாமல் தொடங்கியது.

உயிருள்ள டிஸ்கஸ் 1920-களில் ஜெர்மனியின் மீன் தொட்டிகளை எட்டியது. அங்கிருந்தும் பிறகு அமெரிக்காவிலும் 'பாம்படூர் மீன்' என்ற செல்லப்பெயரோடு புகழ் பரவியது. வளர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மென்மையான, அமிலத்தன்மை கொண்ட, இளஞ்சூடான நீர் வேண்டும். குஞ்சுகளைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்துவைத்தால் அவை செத்துப்போயின. காரணம், பெற்றோரின் தோலில் சுரக்கும் சளிப்படலம்தான் அவற்றின் முதல் உணவு. தோலைக் கொத்தித் தின்று வளரும் இந்த வழக்கத்தை டபிள்யூ. எச். ஹில்டெமன் 1959-இல் அறிவியல் இதழில் விரிவாக எழுதினார். மறு ஆண்டே, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் லெனர்ட் ஷுல்ட்ஸ் இந்த மீன்களைப் பச்சை, பழுப்பு, நீலம் என்று நிறத்தை வைத்தே பிரித்தார்.

அந்தப் பட்டியலில் சிவப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காட்டு டிஸ்கஸின் உடலில் சிவப்பு உண்டு. கண்ணிலும் துடுப்பு விளிம்பிலும் வயிற்றோரப் புள்ளிகளிலும் தெரியும். ஆனால் உடல் முழுக்கச் சீராகச் சிவந்த மீனை அமேசான் தரவில்லை. அங்கே அதன் உணவு என்ன? வெள்ளக் காலத்தில் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளில் படியும் பாசி, மக்கிய இலைத்துகள், சிறு பூச்சிகள், சிறு இறால்கள். அமேசான் வெள்ளச் சமவெளியில் டிஸ்கஸை ஆராய்ந்த வில்லியம் கிராம்ப்டன் 2008-இல் வெளியிட்ட கட்டுரையும் பாசிக்கும் மக்கிய துகளுக்குமே முதலிடம் தந்தது. தொட்டியில் புழுவும் இறைச்சியும் தின்னும் மீனின் மூதாதை, பெரும்பாலும் மேய்ச்சல் மீன்.

இந்த மேய்ச்சலுக்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மீன் தோலில் நிறம் தரும் செல்கள் முக்கியமாக மூன்று வகை. கறுப்புத் துகள்களைத் தாங்கும் செல்களை மீனின் உடலே நிரப்பிக்கொள்கிறது; மீன் மிரண்டால் சட்டெனக் கறுத்துத் தெரியும் செங்குத்துப் பட்டைகள் அவற்றின் வேலை. நீலமும் வெள்ளி மினுமினுப்பும் சாயமே அல்ல. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்குத் தெரியும் நிறம் அது. மூன்றாவது வகைதான் மஞ்சளும் சிவப்பும். இவற்றில் பெரும்பகுதி கரோட்டினாய்டு என்ற சாயத்தால் ஆனது. மீனின் உடலால் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. பாசியும் செடியும் உண்டாக்கியதை நேராகத் தின்ன வேண்டும். அல்லது பாசி தின்ற இறாலைத் தின்ன வேண்டும்.

உலகம் நீலத்தை விரும்பிய காலம் வரை, இரையின் வேலை உடலை வளர்ப்பது மட்டுமே. ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க்கில் மருத்துவராக இருந்த எடுவார்ட் ஷ்மித்-ஃபோக்கெயும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜேக் வாட்லியும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை வகைகளை உருவாக்கியது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்துத்தான். பெற்றோர் இல்லாமலே குஞ்சுகளைக் காப்பாற்ற, முட்டை கலந்த கூழைப் பாத்திரத்தின் ஓரத்தில் பூசி ஊட்டியவர் வாட்லி. நீலம் சாயமல்ல என்பதால், எதை ஊட்டினாலும் அது பெரிதாக ஏறாது.

இந்தக் காலத்தில்தான் மாட்டு இதயம் டிஸ்கஸின் பிரதான இரையாக ஊன்றியது. கொழுப்புக் குறைவு, புரதம் அதிகம், விலை மலிவு. மீன் மளமளவென்று வளர்ந்தது. இதயத்தின் சிவப்பைப் பார்த்து, அதுவே மீனுக்கும் ஏறும் என்று நம்பியவர்களும் உண்டு. அது ஏறாது. தசையின் சிவப்பு மயோகுளோபின் என்ற புரதம். வயிற்றில் செரித்து மறைந்துவிடும். வெறும் இதயத்தில் வளர்ந்தால், சிவப்பு மீனும் நாளடைவில் வெளுத்துவிடும்.

திருப்பம் பாங்காக்கில் வந்தது. 1990-களின் தொடக்கத்தில், கறுப்புப் பட்டைகள் இல்லாத, மஞ்சளும் சிவப்பும் கலந்த உடலோடு ஒரு வகை அங்கே தோன்றியது. 'பிஜன் பிளட்', அதாவது புறா ரத்தம் என்று பெயர். பட்டைகள் போனதில் ஒரு சங்கடமும் வந்தது. சாதாரண டிஸ்கஸ் ஜோடி குஞ்சு பொரித்ததும் உடல் கறுக்கும். கறுப்பைத் தேடித்தான் குஞ்சுகள் வந்து ஒட்டும். கறுக்க முடியாத இந்தப் பெற்றோரை விட்டுவிட்டு, குஞ்சுகள் தொட்டி மூலையில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரில் போய் மொய்த்துப் பசியில் செத்தன. வளர்ப்பவர்கள் அந்த ஃபில்டரையே எடுத்துவிட்டுக் குஞ்சுகளைப் பெற்றோர் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த ரத்த வழியிலிருந்து 'ரெட் மெலன்', 'மார்ல்போரோ ரெட்' என முழுச் சிவப்பு வகைகள் பிறந்தன. பினாங்கு, சிங்கப்பூர், பாங்காக் பண்ணைகளுக்குள் போட்டி மூண்டது. கறுப்பு மறைந்த உடலில் சிவப்பின் ஏற்ற இறக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. இரை தயாரிக்கும் இடம் அன்றிலிருந்து சாயப்பட்டறையும் ஆனது.

சாயத்தின் வேதியியல் முன்பே தயாராக இருந்தது. ரிச்சர்ட் கூனும் சோரன்சனும் 1938-இல் கடல் லாப்ஸ்டரிலிருந்து அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்புக் கரோட்டினாய்டைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருந்தார்கள். சால்மன் பண்ணைகளுக்காக ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் 1980-களில் அதைச் செயற்கையாகத் தயாரித்து விற்றது. ஹேமடோகாக்கஸ் என்ற பாசியிலிருந்து எடுத்த இயற்கை அஸ்டாக்சாந்தினும் சந்தைக்கு வந்தது. நம் அடுக்களையிலும் தினமும் தெரிகிற சாயம்தான் இது. பச்சை இறாலின் ஓடு சாம்பலும் கருநீலமுமாக இருப்பதற்குக் காரணம், அஸ்டாக்சாந்தின் ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடப்பதே. வாணலியில் சூடேறியதும் அந்தக் கட்டு அவிழ்ந்து இறால் செக்கச்செவேல் என்றாகிறது.

இதையெல்லாம் வைத்து வளர்ப்பாளர்கள் கண்ட கலவை ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரிதான். மாட்டு இதயத்தின் வெள்ளைக் கொழுப்பையும் நரம்பையும் கத்தியால் சீவி எறிவார்கள். ஓட்டோடு இறால், பசலைக்கீரை, பூண்டு, ஸ்பைருலினாத் தூள், காரமில்லாச் சிவப்பு மிளகாய்த் தூள் சேர்த்து அரைப்பார்கள். பிளாஸ்டிக் பையில் இட்டு அப்பளம் போல மெல்லிதாகத் தட்டி ஃப்ரீசரில் வைப்பார்கள். வேளைக்கு ஒரு துண்டை உடைத்துப் போடுவார்கள். கரோட்டினாய்டு கொழுப்பில் கரைவது என்பதால், இரையில் கொஞ்சமாவது எண்ணெய்ப் பசை இருந்தால்தான் குடல் அதை ஏற்கும். தோலில் நிறம் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

அந்த வாரங்களைக்கூடப் பொறுக்க மாட்டாமல் சிலர் எடுத்த வழி கொடியது. டிஸ்கஸ் குஞ்சு பல மாதங்களுக்கு மங்கலாகவே இருக்கும். முழு நிறம் வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இரண்டு அங்குலக் குஞ்சிலேயே பளபளப்பு வந்தால் விலை ஏறும். அதற்காக மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இரையில் கலந்தார்கள். வாங்கியவர் வீட்டில் ஹார்மோன் நின்றதும் நிறம் இறங்கியது. பெண் மீன்கள் இனப்பெருக்கத் திறனை இழந்தன. கரோட்டினாய்டு, மீனின் பரம்பரை ஏற்கெனவே திறந்துவைத்த செல்களை நிரப்புகிறது. ஹார்மோன், அந்த மீனின் உடலையே ஏமாற்றுகிறது. வாங்குபவருக்கு இரண்டும் ஒரே பளபளப்பாகத் தெரிந்ததுதான் இந்தத் தொழிலின் பெரும் அநியாயம்.

சாயமே ஆனாலும் அளவு மிஞ்சினால் கேடுதான். வெள்ளை அடித்தளம் கொண்ட வகைகளுக்கு அஸ்டாக்சாந்தின் கூடினால் வெள்ளை அழுக்கு ரோஜாவாகும். மஞ்சள் வகை ஆரஞ்சுக்கு நகரும். அதனால் தேர்ந்தவர்கள் சிவப்பு மீனுக்கும் வெள்ளை மீனுக்கும் தனித்தனி இரை வைக்கிறார்கள்.

வண்ண மீன் வளர்ப்பு தமிழ்நாட்டிலும் பெருந்தொழில். சென்னை கொளத்தூர் அதன் மையம். இங்கே நிறத்துக்கு நம் மண்ணின் பொருள்களும் சோதிக்கப்படுகின்றன. முட்டைக் கருவுக்கு மஞ்சள் ஏற்றக் கோழித் தீவனத்தில் சேரும் செண்டுமல்லிச் சாயத்தை, இதழ்த்தூளாகச் சிவப்பு வாள்வால் மீனுக்குக் கொடுத்து நிறம் கூடுவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டிஸ்கஸ் வளர்க்கும் சில வீடுகளில், குழம்புக்கு உரித்த இறால் ஓடு குப்பைக்குப் போவதில்லை. கழுவி, மிக்ஸியில் நைசாக அரைத்து, மீனின் பங்காக ஃப்ரீசரில் எடுத்துவைக்கிறார்கள்.