கால்வாய்க் கணக்கும் கணினித் தடமும்

ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில், கிருஷ்ணா கால்வாய் தமிழக எல்லைக்குள் நுழையும் இடத்தை ‘ஜீரோ பாயிண்ட்’ என்றே எல்லோரும் வழங்குகின்றனர். 1983-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 15 டி.எம்.சி.யில் வழிச்சேதம் 3 போக, 12 டி.எம்.சி. இங்கு வந்து சேர வேண்டும். முதல் நீர் 1996-இல் வந்தது. ஆனால் கண்டலேறு அணையில் திறந்த அளவுக்கும் எல்லையில் வந்த அளவுக்கும் பெருத்த வேறுபாடு. இடையே 152 கிலோமீட்டர். கசிந்ததா, கரை சரிந்ததா, வயல்களுக்குத் திரும்பியதா? இருமுனை எண்களும் சரியாகவே இருக்கலாம். நடுவழியின் கதையை அவை சொல்லா.

மென்பொருள் உலகமும் இதே இக்கட்டில் நெடுங்காலம் கிடந்தது. 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன், செண்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலையொட்டி உருவாக்கிய ‘சிஸ்லாக்’, நடப்பதை வரிவரியாக எழுதி வைத்தது. நேரம், கணினியின் பெயர், ஒரு வாக்கியம்; அவ்வளவே. ஒரே வேளையில் ஆயிரம் வேலைகள் நடக்கும் வழங்கியில், எந்த வரி எந்த வேலைக்குரியது என்பதை எப்படி அறிவது? ஏடுகள் கலைந்த சுவடிக்கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இத்துயரம் விளங்கும்.

கூகிள் 2010-இல் தன் ‘டாப்பர்’ அமைப்பைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, ‘ஸ்பேன்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காலத்துண்டு அது. ஒவ்வொன்றும் தன் தாய் எது என்ற குறிப்பைச் சுமப்பதால், அவை மரமாகக் கிளைக்கின்றன.

ரஸ்ட் மொழிக்கென டோக்கியோ திட்டத்தினர் 2019-இல் அளித்த ‘டிரேசிங்’ என்னும் நிரல்தொகுப்பின் அடிப்படை உறுப்புகளுள் முதலாவது இந்த ஸ்பேன். பாதியில் நின்று மீண்டும் தொடரும் வேலைகள் உண்டாதலால், ஒரே ஸ்பேனுக்குள் பலமுறை நுழைந்து வெளியேறலாம். மதகு மூடித் திறந்தாலும் அதே தவணை நீர்தானே! ஸ்பேனுக்குள் ஒரு கணத்தில் நேர்வது ‘நிகழ்வு’. அளவுகோலில் நீர்மட்டம் பார்ப்பது போல. பார்த்த அளவு, வாக்கியத்தில் கரைந்துவிடாமல் பெயரிட்ட புலத்தில் எண்ணாகவே நிற்கும். நிகழ்வின் பெயர், முக்கியத்துவம், நிரலில் அது எழும் இடம், புலங்களின் பெயர்கள் ஆகியன ஒருமுறை மட்டுமே வரையறுக்கப்படும். அச்சிட்ட பதிவேட்டின் கட்டத் தலைப்புகளைப் போல. ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பப்படுபவை மதிப்புகள் மட்டுமே.

இவற்றையெல்லாம் பெற்றுக்கொள்ளும் உறுப்புக்குச் ‘சந்தாதாரர்’ என்று பெயர். சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட நமக்கு இச்சொல் சற்றே உறுத்தும். சந்தாதாரர் இல்லையேல் நிகழ்வுகள் எங்கும் பதிவாவதில்லை, சத்தமின்றி உதிர்ந்துவிடும். ஆறுதல் ஒன்று: அப்போது செலவும் ஏறக்குறைய இல்லை. சிற்றிதழுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது, கோப்பில் எழுதுவதா, வேறிடத்துக்கு அனுப்புவதா என்பவற்றைச் சந்தாதாரரே தீர்மானிக்கிறார். நிரலை எழுதியவர் அதில் தலையிடுவதில்லை.

கிருஷ்ணா கால்வாயைப் பின்னர் சத்ய சாயி அறக்கட்டளை தன் செலவில் செப்பனிட்டுக் கொடுத்தது, வரத்தும் மேம்பட்டது. எனினும், நீர் திறக்கும் நாள்களில் செய்தித்தாளில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் அதே இரண்டு எண்கள்தாம்: கண்டலேறில் இத்தனை கன அடி, ஜீரோ பாயிண்டில் இத்தனை கன அடி.