எமானு-எல் சகோதரியர் சங்கமும் விதவைத் தாய்மார் உதவித்தொகைச் சட்டமும்

நியூயார்க் நகரின் எமானு-எல் யூதத் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்த பெண்கள், ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று உதவுவதற்காக 1880களின் இறுதியில் ஒரு சங்கம் தொடங்கினர். 'நேரடிச் சேவைக்கான சகோதரியர் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதன் தலைவராக இருந்த ஒரு பெண்மணி தம் அனுபவத்தைக் கொண்டு போராடியதன் பயனாக, 1915இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. கணவனை இழந்த தாய் தன் பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்க்க அரசுப் பணத்திலிருந்து உதவித்தொகை தரும் சட்டம் அது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவை, ஏழைகளுக்கு உதவுவதையே பணியாகக் கொண்ட தர்ம நிறுவனங்கள்.

பின்னணி

ஏழைக்குக் கொடுப்பதை யூதர்கள் 'செதாக்கா' என்பார்கள். ஈகை, தர்மம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் எபிரேய மொழியில் அந்தச் சொல், நீதி என்னும் பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. கொடுப்பது கடமை; அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது அதன் உட்கருத்து. (தமிழில் 'தர்மம்' என்ற சொல்லே அறத்தையும் குறிக்கிறது, வாசலில் கேட்கும் பிச்சையையும் குறிக்கிறது. ஆகவே நமக்கு இது விளங்காத செய்தி அல்ல.) 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடுத்தலை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. ஒருவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி அவருக்குக் கடனோ வேலையோ தொழிலில் பங்கோ தந்து நிலைநிறுத்துவது முதற்படி.

எமானு-எல் சபையை 1845இல் ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் நிறுவினர். ஒரு தலைமுறைக்குள் அவர்கள் வணிகத்தில் தழைத்து, 1868இல் ஐந்தாம் அவென்யூவில் பெரிய ஆலயம் எழுப்பினர். 1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டதை அடுத்து அங்கே யூதர்கள்மீது வன்முறை வெடித்தது. அப்போது தொடங்கிய குடிபெயர்வில், 1914க்குள் ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தனர். பெரும்பாலோர் இறங்கிய இடம் நியூயார்க். நகரின் கீழைக் கிழக்குப் பகுதியில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கி வாழ்ந்தனர். தையல் பட்டறைகளில் நாள் முழுக்க வேலை. காசநோய் பல வீடுகளில் சம்பாதிக்கும் ஆளைக் கொண்டு போயிற்று.

வசதியுள்ள யூதர்கள் பணம் கொடுக்காமல் இல்லை. 1874இலேயே 'ஐக்கிய எபிரேய தர்ம சங்கம்' என்ற பொது அமைப்பு இருந்தது. ஆனால் காசோலை எழுதுவதோடு கடமை முடிந்துவிடாது, உங்கள் நேரத்தையும் கொடுங்கள் என்று எமானு-எல் சபைப் பெண்களைத் தூண்டினார் ரபி குஸ்டாவ் காட்ஹைல். அப்படிப் பிறந்ததுதான் சகோதரியர் சங்கம். உறுப்பினர்கள் வீடு வீடாகப் போனார்கள். மழலையர் பள்ளி, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், தையல் வகுப்பு, வேலை தேடித்தரும் நிலையம் ஆகியவற்றை நடத்தினார்கள். பிற தொழுகைக்கூடங்களும் இதைப் பின்பற்றவே, 1896இல் இச்சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து நகரப் பகுதிகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன.

இவர்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒரு தரப்பு ஜெர்மன் மரபில் வந்து ஆங்கிலம் பேசியது. மறுதரப்பு இத்திஷ் மொழி பேசியது. வந்த பெண்மணி உதவியோடு அறிவுரையும் சேர்த்தே தந்தாள். எப்படிச் சமைப்பது, எப்படி வீட்டைச் சுத்தமாக வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். கேட்டுக்கொண்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. என்றாலும், படியேறி வீட்டுக்குள் போனவர்களின் கண்ணுக்குத்தான் சில உண்மைகள் தெரிந்தன.

ஹன்னா ஐன்ஸ்டைன்

ஹன்னா பாக்மன் ஐன்ஸ்டைன் 1862இல் நியூயார்க்கில் பிறந்தவர். (விஞ்ஞானி ஐன்ஸ்டைனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கம்பளித் துணி உற்பத்தியாளர் ஒருவரின் மனைவி. 1897இல் எமானு-எல் சகோதரியர் சங்கத்தின் தலைவரானவர், ஏறத்தாழ கால் நூற்றாண்டு அப்பொறுப்பில் இருந்தார். நல்ல மனம் மட்டும் போதாது என்று உணர்ந்து, சமூகப்பணி கற்பிக்கும் பள்ளியில் மாணவியாகவும் சேர்ந்து படித்தார்.

அவர் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. கணவன் இறந்துபோகிறான். மனைவி வேலைக்குப் போனால் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் சோறில்லை. தர்ம நிறுவனம் தரும் தொகை வாடகைக்கே காணாது. முடிவில் குழந்தைகள் அநாதை இல்லத்துக்குப் போகின்றன. தாய் உயிரோடு இருக்கிறாள், குழந்தைகளை அடித்ததும் இல்லை, கைவிட்டதும் இல்லை. அவள் குற்றம் வறுமை ஒன்றே. இதில் கவனிக்க வேண்டியது, அந்த இல்லங்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு என்று நகராட்சி பணம் கொடுத்துவந்தது. அந்தப் பணத்தைத் தாயிடமே கொடுத்தால் என்ன என்பதுதான் ஐன்ஸ்டைனின் கேள்வி.

யூத தர்ம சங்கத்துக்குள்ளேயே இதை முதலில் வற்புறுத்திய அவர், 1909இல் விதவைத் தாய்மார் நிதிச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமையை மட்டுமே காரணமாக்கிக் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கலாகாது என்றது. ஆனால் உதவி தனியார் தர்மத்திலிருந்து வருவதே நல்லது என்பது மாநாட்டின் சாய்வு. தனியார் பணம் ஒருநாளும் போதாது என்பதைக் கணக்குப் பார்த்தே அறிந்தவர் ஐன்ஸ்டைன். அரசு கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கேதான் எதிர்ப்பு கிளம்பியது. அரசுப் பணம் வந்தால் அரசியல்வாதிகளின் கை நுழையும், வாங்குவோர் சோம்பேறிகளாவர், பயிற்சி பெற்ற ஊழியர் குடும்பத்துக்குக் குடும்பம் ஆராய்ந்து உதவுவதே சரி என்று வாதிட்டனர் தர்ம நிறுவனத்தார். அவர்களில் எட்வர்ட் டிவைன் முக்கியமானவர். இந்த அச்சங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஐன்ஸ்டைனுக்கு வலுவான துணையாக வந்தவர் சோஃபி ஐரீன் லோப். ரஷ்யாவில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்தவர். தந்தையை இழந்த குடும்பத்தின் கஷ்டத்தை அனுபவித்தவர். 'ஈவினிங் வேர்ல்ட்' நாளிதழில் விதவைகளின் நிலை குறித்துத் தொடர்ந்து எழுதினார். 1913இல் மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தபோது இருவரும் அதில் இடம்பெற்றனர். விசாரணைப் பணிக்கு ஐன்ஸ்டைன் பொறுப்பேற்றார். வறுமை ஒன்றாலேயே தாயைப் பிரிந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதை ஆணையம் கண்டது.

சட்டம்

1915ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை நல வாரியங்களை ஏற்படுத்தியது. நியூயார்க் நகர வாரியத்தில் ஐன்ஸ்டைன், லோப் இருவரும் உறுப்பினராயினர். இல்லத்தில் வைத்தால் ஆகும் செலவைவிடத் தாய்க்குத் தரும் தொகை கூடக்கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியது. தாய் 'தகுதியானவள்' என்று அதிகாரிகளுக்குத் தோன்ற வேண்டும். கணவனால் கைவிடப்பட்டவளுக்கும் மணமாகாத தாய்க்கும் இடமில்லை. இறந்த கணவன் அமெரிக்கக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாவற்றிலும் கசப்பானது. யாருடைய படிகளில் ஏறி இறங்கி இந்தச் சட்டத்தின் தேவையை உணர்ந்தார்களோ, அந்தக் குடியேறிக் குடும்பங்களில் பலவற்றை அந்த ஒரு வரி வெளியே நிறுத்திவிட்டது.

நியூயார்க் இதில் முதல் மாநிலம் அல்ல; இல்லினாய் 1911இலேயே இத்தகைய சட்டம் இயற்றியிருந்தது. 1920க்குள் 40 மாநிலங்கள் வந்துவிட்டன. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான நிதியுதவி இந்த மாநிலச் சட்டங்களை அடியொற்றியே அமைந்தது. அதைக் காண ஐன்ஸ்டைன் இல்லை. அவர் 1929இல் காலமானார். சம்பளம் பெறும் சமூகப் பணியாளர்கள் பெருகப் பெருக, சகோதரியர் சங்கங்கள் வீடு வீடாகப் போவதும் மெல்லக் குறைந்தது.