கிராபிக்ஸ் கார்டின் வேகமும் உஷ்ணமும்

யந்திரத்தைச் செய்தவர்கள் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை கம்ப்யூட்டர் உலகத்துக்குப் புதிதன்று. 1984-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. ஏ.டி. என்னும் கம்ப்யூட்டரில், பிராஸஸரின் வேகத்தை நிர்ணயித்தது மதர்போர்டின் சாக்கெட் ஒன்றில் செருகப்பட்டிருந்த சிறிய கிரிஸ்டல்தான். 12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய அந்தக் கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு, கடையில் சொற்ப விலைக்குக் கிடைத்த 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினால், 6 மெகாஹெர்ட்ஸில் ஓடிய பிராஸஸர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. செய்தி பரவியதும், மாற்றப்பட்ட வேகத்தைக் கண்டால் கிளம்பவே மறுக்கும் ஒரு பரிசோதனையை ஐ.பி.எம். பின்வந்த இயந்திரங்களின் ரோம் சிப்பிலேயே எழுதிவைத்தது. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் நடந்த இந்த நீண்ட வழக்கின் முதல் விசாரணை அதுவென்று சொல்லலாம்.

வழக்குக்குப் பொருளாக இருந்தது சிப்புக்குள் மிஞ்சிக் கிடந்த வலு. ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட சிப்புகளாயினும் அவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே துரிதமாக ஓடும், அதன் பக்கத்தில் பிறந்த மற்றொன்று திணறும். அவற்றுள் பலவீனமானதும், கோடையில் காற்றோட்டமற்ற அறையில், தூசி அடைத்த பெட்டிக்குள்ளிருந்தாலும் பல ஆண்டுகள் பிழையின்றி உழைக்கவேண்டும் என்று எண்ணியே உற்பத்தியாளர் வேகத்தை நிர்ணயிக்கிறார். அந்த நிர்ணயத்துக்கும் நல்ல சிப்பொன்றின் உண்மையான சக்திக்கும் உள்ள இடைவெளியில்தான் ஓவர்கிளாக்கிங் என்னும் பழக்கம் முளைத்தது. ஆனால் சிப்பு செலவழிக்கும் மின்சக்தி வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜோடு அதன் வர்க்கத்தின் விகிதத்திலும் கூடுகிறது. இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்தினால் மின்செலவு நூற்றுக்கு முப்பத்துமூன்று வீதம் உயரும். அத்தனையும் உஷ்ணமாக வெளிப்பட்டே தீரும். ஆகவே இந்தப் பழக்கத்தின் சரித்திரம் வேகத்தின் சரித்திரமாகத் தோன்றினாலும், உள்ளபடியே அது உஷ்ணத்தை வெளியேற்றக் கற்றுக்கொண்ட சரித்திரமே என்பது என் துணிபு.

1996-இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராபிக்ஸ் கார்டு வந்தபோது, அதன் சிப்புகள் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடின. பல கார்டுகளில் விசிறி மட்டுமல்ல, அலுமினிய ஹீட்சிங்க்கூட இல்லை. இரண்டாண்டுகள் கழித்து, இன்டெலின் செலரான் 300ஏ என்னும் மலிவான பிராஸஸரை, பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றிய மாத்திரத்தில் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டலாம் என்று தெரிந்ததும், ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு இந்த வித்தை பித்தாகவே ஆகிவிட்டது. அலெக்சி நிக்கோலாய்சுக் என்ற ரஷ்யர் எழுதிய ரிவாட்யூனர் என்னும் மென்பொருள், கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைச் சுட்டியால் நகர்த்தும் ஸ்லைடர் ஒன்றுக்குள் அடக்கித் தந்தது. இன்று உலகமெங்கும் வழங்கும் ஆஃப்டர்பர்னரும் அவர் கைவண்ணமே.

அக்காலத்து ஆர்வலர்கள் உஷ்ணத்தைத் தணிக்கக் கையாண்ட உபாயங்களை நினைத்தால் வியப்பு உண்டாகிறது. பழைய மோட்டார் கார்களின் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டர், மீன்தொட்டிக்கு நீரேற்றும் பம்பு, கையால் கடைந்த செப்புக் கட்டி ஆகிய மூன்றையும் ரப்பர்க் குழாயால் இணைத்து, கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டார்கள். அதை வெறும் விபரீதமென்று தள்ளிவிடுவதற்கில்லை. 1985-இல் வெளிவந்த க்ரே-2 என்னும் சூப்பர் கம்ப்யூட்டரே மின்சாரத்தைக் கடத்தாத ஃப்ளோரினெர்ட் திரவத்தில் முழுமையாக அமிழ்த்தப்பட்டுத்தான் வேலை செய்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் முறையை இவர்கள் வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவே. வேறு சிலர் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிரும் பெல்டியர் தகடுகளை வைத்துப் பார்த்து, குளிர்ந்த பக்கத்தில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து சர்க்யூட்டைக் கெடுப்பதை அனுபவத்தால் அறிந்தார்கள். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றும் போட்டியாளர்கள், இன்றும் கார்டின் மேற்பரப்பு முழுவதையும் ஈரம் புகாமல் மூடிவிட்டே தொடங்குகிறார்கள்.

ஆர்வலர்களை மட்டும் பீடித்திருந்த உஷ்ணக் கவலை உற்பத்தியாளர் வாசலுக்கு வந்துசேர்ந்த ஆண்டு 2003. ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 ப்ரோவிடம் பின்தங்கிப்போன என்விடியா, தனது ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவை 500 மெகாஹெர்ட்ஸ் வரை விரட்டியது. அதாவது ஆர்வலர் வீட்டில் செய்துவந்ததைத் தொழிற்சாலையே செய்தது. அந்தச் சூட்டை ஆற்றுவதற்காகப் பொருத்திய கருவி இரண்டு ஸ்லாட்டின் இடத்தை அடைத்துக்கொண்டு, பெட்டியின் பின்புறத்திலிருந்து வெளிக்காற்றை இழுத்து, செப்புத் தகடுகளின் ஊடே செலுத்தி, மறுபடியும் பின்புறமாகவே வெளியேற்றியது. கருத்தளவில் அது குற்றமற்ற ஏற்பாடு. ஆனால் விளையாட்டு தொடங்கியதும் அந்தச் சிறிய விசிறி எழுப்பிய இரைச்சலைப் பொறுக்கமாட்டாமல், ஜனங்கள் அதற்கு டஸ்ட்பஸ்டர் என்று தூசி உறிஞ்சும் கருவியின் பெயரையே சூட்டிவிட்டார்கள். சில மாதங்களில் அதை ஓரங்கட்டிவிட்டு, 450 மெகாஹெர்ட்ஸில் அமைதியாக ஓடும் 5900 அல்ட்ராவை என்விடியா கொண்டுவந்தது. அதன் பிறகு எந்த நிறுவனமும் கூலரைக் கடைசி நேரத்து ஒட்டுவேலையாகக் கருதத் துணியவில்லை. வெப்பக் குழாய்கள் பரவின. 2010-இல் ஜிடிஎக்ஸ் 580-இல் ஆவியறை வந்தது. 2014-இல் 500 வாட் செலவழிக்கும் ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 தண்ணீர்க் கூலரோடேயே கடைக்கு வந்தது.

இதைவிடக் கடுமையான பாடம் 2008-இல் கிடைத்தது. லாப்டாப்புகளில் பொருத்திய பல சிப்புகள் வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் செத்துப்போகின்றன என்று அவ்வாண்டு ஜூலையில் ஒப்புக்கொண்ட என்விடியா, அதன் பரிகாரச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பையும் அதன் அடிப்பலகையையும் இணைக்கும் நுண்ணிய சால்டர் பொட்டுகள், வேலையின்போது சூடேறி விரிவதும் அணைத்ததும் ஆறிச் சுருங்குவதுமாக நாளும் அலைக்கழிந்து, கடைசியில் விரிசல் கண்டன. இங்கே யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. உச்ச உஷ்ணம் மட்டுமன்றி, உஷ்ணத்தின் ஏற்ற இறக்கமும் கார்டின் ஆயுளை அரிக்கும் என்பதை இந்த நஷ்டம் எல்லோருக்கும் உணர்த்தியது.

2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 வந்ததும் பழைய வழக்கு முடிந்துபோயிற்று. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ். மின்சக்தியிலும் உஷ்ணத்திலும் இடமிருந்தால், யாரும் கேளாமலே அது தானாக 1058-க்கும் அதற்கு மேலும் ஏறிக்கொள்ளும். வாங்கியவர் தேடிக் கண்டுபிடித்துவந்த மிச்ச வலுவை அன்றுமுதல் கார்டே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. இதில் ஒரு சாகசம் மறைந்ததாக வருந்துபவர் உண்டு. எனக்கு அந்த வருத்தமில்லை. கார்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பவருக்குத் தானாகவே கூடுதல் வேகம் கிடைக்கிறது என்றால், முரட்டுத் துணிச்சலின் இடத்தில் பராமரிப்பு வந்து அமர்ந்துவிட்டது என்றுதானே பொருள்.

ஆயினும் அபாயம் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090-இல் சிப்பு 70 டிகிரியில் அமைதியாயிருக்க, கார்டின் பின்புறத்து மெமரி 110 டிகிரியை எட்டித் தவித்தது உண்டு. 2022-இல் வந்த 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-இலோ மின் கனெக்டரே உருகியதாகப் புகார்கள் எழுந்தன. 600 வாட் வரை தாங்குவதற்காக அமைந்த அந்தக் கனெக்டர், 12 வோல்ட்டில் 50 ஆம்பியரை ஆறே ஊசிகளின் வழியாகச் செலுத்துகிறது; சரிவர அழுந்தாமல் சிறிது விலகியிருந்தாலும் தொடும் பரப்புக் குறைந்து, அங்கே தடை மிகுந்து, பிளாஸ்டிக் இளகிவிடும். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, முழுவதும் செருகப்படாவிட்டால் மின்சாரம் தர மறுக்கும்படி உணர்வு ஊசிகளைக் குட்டையாக்கினார்கள்.

இந்த அனுபவங்களினின்றும் இன்றைய பாதுகாப்பான முறை பிறந்திருக்கிறது. பழகியவர்கள் இப்போது வேகத்தில் கைவைப்பதற்கு முன் வோல்டேஜைக் குறைத்துப் பார்க்கிறார்கள். 4090-இன் மின் வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கினாலும், விளையாட்டில் இழக்கும் வேகம் நூற்றுக்குச் சில புள்ளிகளே. பழைய கார்டாயின் கூலரைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, நெற்றியில் திருநீறு பூசுவதுபோல் மெல்லிய படலமாகப் புதிதாக இட்டு, திருகுகளை மூலைக்கு மூலை எதிராகச் சிறிது சிறிதாக முடுக்குகிறார்கள். வேகத்தை ஏற்றும்போது 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, திரையில் வர்ணப் புள்ளிகளோ சிமிட்டலோ தெரிந்த இடத்தில் பின்வாங்குகிறார்கள். மெமரியில் மட்டும் இந்த அடையாளத்தை நம்பக்கூடாது. புதிய மெமரி தன் பிழையைத் தானே கண்டு மறுபடி அனுப்பிவிடுவதால், எல்லை தாண்டியதும் திரை கெடாமல் வேகம் மட்டும் குறையத் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் அளந்து பார்ப்பவருக்கே அது புலப்படும்.

இந்த வித்தையில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, மின் கனெக்டர் இடைவெளி சிறிதுமின்றி அழுந்தியிருக்கிறதா என்றும், கம்பி அதன் வாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் வளையாமல் இருக்கிறதா என்றும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.