வெட் புளூ

ஃபிக்ஹுப் பாடத்தில் ‘திபாகத்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தோல் பதனிடுதல் என்று பொருள் கூறினேன். ஆம்பூர் மாணவர் ஒருவர், “வெட் புளூ ஆக்குவதா, ஹஜ்ரத்?” என்று வினவினார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருந்தது.

இளமையில் இச்சொல்லை முதன்முதல் கேட்டபோது ‘வெட்டு’ என்னும் தமிழ்ச் சொல் என்றே கருதியிருந்தேன். அது ‘ஈரம்’, ‘நீலம்’ எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒட்டிப் பிறந்த சரக்குப் பெயர். சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலைக் குரோமிய உப்புக் கரைசலோடு பீப்பாயிலிட்டுச் சுழற்றினால் அது நீலம் பூத்து வெளிவரும். உலர்த்தாமல் அந்த ஈரத்தோடேயே அடுக்கி வைப்பர், விற்பர். பின்னர் சாயமேறிக் கறுப்புச் செருப்பாகிவிட்டால் ஈரமுமில்லை, நீலமுமில்லை. இடைநிலை ஒன்றின் பெயரே தொழிலின் பெயர்போல வழங்குவது விந்தையன்றோ?

முன்னர் நம் பகுதியில் பதனிட்டது ஆவாரம்பட்டைச் சாற்றில். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தோலை இலண்டன் வணிகர் ‘ஈஸ்ட் இந்தியா’ என்றனர். கும்பினி 1874இல் கலைக்கப்பட்ட பின்னும் ‘ஈ.ஐ.’ என்ற பெயர் மட்டும் கலையவில்லை! சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டை ஒட்டிக் குரோம் முறையைச் சோதித்தார். கிணற்றுக் கவலைக்கு நீரில் ஊறினும் கெடாத தோல் வேண்டியிருந்தது. ஆயினும் 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் செருப்பையும் ஊக்குவித்த பின்னரே வெட் புளூ நம் தெருக்களில் அன்றாடச் சொல்லாயிற்று.

ஃபிக்ஹு நூல்களோ கரழ், மாதுளம்பழத் தோல், மாசிக்காய் என்று பதனிடும் பொருள்களையே எண்ணிச் சொல்கின்றன. கரழ் என்பது நம் கருவேலம். அதனை விற்றதனாலேயே குபா பள்ளியின் முஅத்தின் ஸஅத் (ரலி) அவர்களுக்கு ‘ஸஅத் அல்கரழ்’ என்ற பெயர் அமைந்தது. ஆவாரையும் கருவேலமும் சொல்லிலிருந்து மறைந்தபோது, தோல் எதில் ஊறிற்று, அந்நீர் எங்கே சென்றது என்ற கேள்வியும் உடன் மறைந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகள் அதனை மறக்கவில்லை. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. பழியெல்லாம் குரோமுக்கே உரியதன்று. பச்சைத்தோலில் இடும் உப்புக்கும் பெரும்பங்குண்டு. பட்டைச்சாறும் குற்றமற்றதன்று.

இப்போதெல்லாம் அப்பாடம் வரும் நாளில் ஒரு கருவேலங்காயை மேசைமேல் வைத்துவிட்டே கிதாபைத் திறக்கிறேன்.