ஏடு கைமாறிய வழி

கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் பல ஊர்களில் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலையோ செல்லரிப்பது, அவ்வேடுகள் எவ்வாறு எஞ்சின? ஒருவர் ஏட்டை மற்றொருவர் இரவல் பெற்றுப் படியெடுத்து வந்தமையாலன்றோ!

மாணவர்களே, அவ்வழக்கத்தின் புதுவடிவத்தை இன்றைய இணைய உலாவியில் காணலாம். ஒரே வைஃபையிலுள்ள இரு கைப்பேசிகளைச் சேவையகம் ஒன்று அறிமுகப்படுத்தும். பின்னர்க் கோப்பு இடையில் எங்கும் தங்காது நேரே செல்லும். 2011இல் வெளிவந்த ‘வெப்ஆர்டிசி’ என்னும் இந்நுட்பம் 2021இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற நூல்நிலையம் இன்றியமையாததே. ஆயினும் ஓரிடத்தில் மட்டுமுள்ள ஏடு ஒரு தீயில் அழியலாம். பலரிடம் உள்ளது பிழைக்கும். ஆதலின், பெற்றதை அடுத்தவர்க்கும் அளித்து வைப்பதே அறிவைக் காக்கும் வழி.